ஆங்கிலம் கற்பிக்க எங்கே கற்பது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்திலே, மாத்தளை மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே விதமான ஆலோசனை நடைபெறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பல்கலைக்கழகம் புகுவதற்கு இசட் புள்ளி சற்றுக் குறைந்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் நல்ல சித்தி உண்டு. "பிள்ளையை இங்கிலீஷ் டீச்சர் ஆக்கிவிட்டால் என்ன?" என்று தாய்மாமன் கேட்கின்றார். அதே வேளையில் கைத்தொலைபேசித் திரையிலே ஒரு விளம்பரம் தோன்றுகின்றது. நூற்றிருபது மணித்தியாலங்களில் சர்வதேச ஆங்கில ஆசிரியர் சான்றிதழ், வீட்டிலிருந்தே கற்கலாம், உலகின் எந்த நாட்டிலும் உத்தியோகம், இன்றே பணம் செலுத்துவோருக்குக் கழிவு! தாயின் காப்பு அடகுக் கடைக்குப் போவதற்கு இதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

இந்த ஆசையை நாம் இகழ்வதற்கில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். 1880 ஆம் ஆண்டில் புகையிரதம் மாத்தளைக்கு வந்தது. தோட்டத்துக் காரியாலயத்திலும் துரை பங்களாவிலும் ஆங்கிலம் வழங்கியது. லயத்துக்கு மட்டும் அது வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை 1970 களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னரும், எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்து மலைப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியர் கிடைப்பது இலகுவாயிருக்கவில்லை. மாத்தளையிலிருந்து நாலந்தை நோக்கிச் செல்லும் வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களிலே, ஏலத்தையும் கறுவாவையும் காட்டி அந்நிய நாட்டாருடன் தங்குதடையின்றி ஆங்கிலம் பேசும் இளைஞரைக் காணும் தோட்டத்துப் பிள்ளைக்கு, அந்த மொழி ஒரு கதவாகவே தோன்றுகின்றது. அக்கதவைத் தான் திறந்துகொண்டு பிறருக்கும் திறந்துவிட விரும்பும் பிள்ளை மெச்சத்தக்க பிள்ளையே.

எனினும் பயிற்சியைத் தேடப் புறப்படுமுன் தீர்மானிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. எந்த வகுப்பறையில், எவருக்குக் கற்பிக்கப் போகின்றோம்? பெரும்பாலோர் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டு, அது செல்லுபடியாகும் இடத்தைப் பின்னர் தேடுகின்றனர். பூட்டு எது என்று அறியாமல் திறப்பு வாங்குவதற்கு ஒப்பான செயல் அது.

அரசாங்கப் பாடசாலையில் நிரந்தர நியமனமே குறிக்கோள் என்றால், வெளிநாட்டு முத்திரை பதித்த நான்கு வாரச் சான்றிதழ் அதற்குத் தகுதியாகாது. அதற்கென வகுக்கப்பட்ட பாதை தேசியக் கல்வியியற் கல்லூரிகளே. 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இக்கல்லூரிகள் உயர்தரப் பெறுபேறுகளின் அடிப்படையில் மாணவரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கவைத்துப் பயிற்றி, மூன்றாம் ஆண்டில் பாடசாலை ஒன்றுக்குக் கட்டுறுப் பயிற்சிக்கென அனுப்பும் முறையைக் கையாண்டு வந்துள்ளன. ஆங்கிலப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது களுத்துறை மாவட்டத்திலுள்ள பஸ்துன்ரட்டைக் கல்லூரி. மலையகத் தமிழ் மாணவருக்கு நன்கு அறிமுகமானது பத்தனையிலுள்ள ஸ்ரீபாதக் கல்லூரி. எந்தக் கல்லூரியில் எந்த மொழிமூலத்தில் எந்தப் பாடத்துக்கு இடமுண்டு என்பதும், ஆங்கிலத்தில் எத்தகைய சித்தி வேண்டும் என்பதும் அவ்வவ் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலிலேயே காணப்படும். அண்டை வீட்டார் சொல்வதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடலாகாது.

இங்கே பெற்றோருடன் சிறிது வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கின்றது. பெண் பிள்ளையை இரண்டு ஆண்டுகள் விடுதிக்கு அனுப்புவதா என்று தயங்கும் தந்தைமார் இன்றும் உள்ளனர். அதே தந்தை, ஒவ்வொரு வார இறுதியிலும் அதிகாலைப் பஸ்ஸில் மகளைக் கொழும்புக்கு அனுப்பி, பெயர் தெரியாத நிலையமொன்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதற்குத் தயங்குவதில்லை! அரசாங்கத்தின் மேற்பார்வையில் உள்ள விடுதி, ஆண்டுக் கணக்கான பயிற்சி, அதன் முடிவில் ஆசிரியர் சேவை ஆகிய மூன்றையும் ஒரு தட்டிலும், வாராந்தம் இரண்டு மணித்தியால விரிவுரையை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் எல்லோருக்கும் அக்கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது. அவ்வாறு கிடைக்காதவர்களைக் கருதியே நூற்றிருபது மணித்தியால விளம்பரங்கள் காத்துக்கிடக்கின்றன. இந்த 120 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால், விளம்பரத்தின் பாதி மாயம் விலகிவிடும்.

1962 ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரில் ஜோன் ஹேக்ராவ்ற் என்பவரும் அவருடைய துணைவியார் பிரிற்றாவும், அந்நிய நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்கென இரு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினர். ஆங்கிலம் தாய்மொழியாய் அமைந்துவிட்டதனாலேயே ஒருவர் அதனைக் கற்பிக்க வல்லவராகிவிட மாட்டார் என்பதே அவர்கள் கண்ட உண்மை. அப்பயிற்சி வளர்ந்து, வேறு நிறுவனங்களின் கைக்கு மாறி, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பகுதியினர் வழங்கும் 'செல்டா' சான்றிதழாக நிற்கின்றது. இதற்குக் குறைந்தது 120 மணித்தியால வகுப்பு வேண்டும். லண்டன் திரினிற்றிக் கல்லூரி வழங்கும் சான்றிதழுக்கு 130 மணித்தியாலம். (கண்டியிலுள்ள திரினிற்றிக் கல்லூரிக்கும் இதற்கும் தொடர்பில்லை, நம்மவர் பலர் குழம்புவதனால் கூறுகின்றோம்.)

இவ்விரண்டுக்கும் மதிப்பைத் தந்தது மணித்தியாலக் கணக்கன்று. இரண்டிலும் பயிலுநர் ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர் முன்னிலையில் நின்று கற்பித்தாக வேண்டும். பின்வரிசையில் ஒரு பயிற்றுநர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். பாடம் முடிந்ததும், "கேள்வியைக் கேட்டுவிட்டு விடை வருமுன் நீரே விடை சொல்லிவிட்டீர், அந்த மூன்றாவது வரிசைப் பெண் இறுதிவரை வாய் திறக்கவேயில்லை, கவனித்தீரா?" என்று கேட்பார். அனுபவமுள்ள ஆசிரியர் கற்பிப்பதைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். கட்டுரைகளும் எழுத வேண்டும். திரினிற்றிப் பயிற்சியிலே இன்னுமொரு புதுமை உண்டு. பயிலுநர் தமக்குச் சிறிதும் தெரியாத மொழியொன்றைச் சில பாடங்கள் கற்று, கற்கும்போது தமக்கு ஏற்பட்ட திகைப்பை எழுதிவைக்க வேண்டும். ஒன்றும் விளங்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நிலையை ஆசிரியருக்கு உணர்த்த இதனினும் நல்ல வழி யாது?

விளம்பரக்காரர் செய்ததெல்லாம் 120 என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆறு மணித்தியாலத்தை விட்டுவிட்டதே. திரையில் சில பக்கங்களைப் படித்து, சரியான விடைக்குப் புள்ளடி இட்டால் சான்றிதழ் வந்து சேர்கின்றது. நீச்சலைப் புத்தகத்தில் கற்றவரை மகாவலியில் இறக்கிவிடுவது போன்றது அது. இணையவழிப் பயிற்சி யாவும் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. 2020 ஆம் ஆண்டின் நோய்ப்பரவலுக்குப் பின்னர் செல்டாப் பயிற்சியையே முழுவதும் இணையவழியாகப் பெறும் வசதி வந்துள்ளது. அங்கும், திரைக்கு அப்பால் உயிருள்ள மாணவர் இருக்கின்றனர், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கின்றார். ஆகவே வீடா, வகுப்பறையா என்பதன்று வினா. நாம் கற்பிப்பதை எவர் பார்க்கப் போகின்றார் என்பதே வினா.

இன்னுமொன்று. செல்டாவில் சேர்வதற்கு ஆங்கிலத்தில் மிக உயர்ந்த தேர்ச்சி வேண்டும். எழுத்துப் பயிற்சியும் நேர்முகமும் வைத்தே எடுப்பார்கள். கட்டணமும் நம் நாணயத்தில் பல இலட்சம் ரூபாயாகும். எவர் பணம் கொடுத்தாலும் மறுநாளே சேர்த்துக்கொள்ளும் நிலையத்தைச் சற்று ஐயத்துடன் நோக்குவது நலம். கற்பிக்கும் முறை வேறு, மொழியறிவு வேறு. சாதாரண தரத்தில் பெற்ற திறமைச் சித்தியுடன் நின்றுவிட்ட மாணவிக்கு, கற்பித்தல் முறையைக் காட்டிலும் முதலில் வேண்டியது ஆங்கிலமே. கையிலுள்ள பணத்தை அதற்குச் செலவிட்டால் ஒரு காலமும் வீண்போகாது.

செல்டா என்ற சொல்லின் தொடக்ககால விரிவிலேயே, வளர்ந்தோருக்குக் கற்பித்தல் என்ற கருத்து அடங்கியிருந்தது. பல நாடுகளிலிருந்து வந்து ஒரே வகுப்பில் கூடியிருக்கும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இளைஞரையும் முதியோரையும் நினைத்து வளர்ந்த பயிற்சி அது. அங்கே ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்க வேண்டியது கட்டாயம். உக்குவளைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் மூன்றாம் வகுப்பில் இருக்கும் முப்பது பிள்ளைகளோ தமிழ் பேசுவோர்; கடைத்தெருவில் சிங்களமும் கேட்டு வளர்ந்தோர். அவர்களுக்குக் கற்பிப்பது வேறொரு கலை.

ஓர் உதாரணம் கூறுவோம். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் "பின்" என்றே வரும். வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் தமிழில் ஓர் எழுத்தே உண்டு. ஆதலால் தமிழ்ப் பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. ஆனால் சிங்களத்தில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. சிங்களம் படித்த மாத்தளைப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும். அதனை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மாத்திரமே ஆசிரியருடையது. "அவர் வைத்தியர்" என்று தமிழில் இரண்டு சொற்களில் முடிந்துவிடும் வாக்கியம், ஆங்கிலத்தில் இடையே இரண்டு சிறு சொற்களை வேண்டி நிற்கின்றது. "நேற்று வந்த மனிதர்" என்று நாம் மனிதரைக் கடைசியில் வைக்க, ஆங்கிலேயர் அவரை முதலில் நிறுத்திவிட்டு, வந்த கதையைப் பின்னர் சொல்கின்றனர். "இஸ்கூல்" என்று ஏன் பிள்ளை சொல்லுகின்றது என்பதை அறிந்த ஆசிரியை, அதட்டாமல் திருத்துவாள். இத்தகைய நுட்பங்களை லண்டனிலோ வேறெங்கோ தயாரிக்கப்பட்ட பாடத்தொகுப்பில் எதிர்பார்க்க முடியாது. நம் நாட்டுப் பயிற்சிக் கல்லூரியில் நம் பிள்ளைகளைப் பல்லாண்டு கற்பித்த ஒருவரிடமே அவற்றைக் கற்கலாம்.

பயிற்றுநர் யார் என்பதும் அதனால் முக்கியமாகின்றது. 1950 களின் இறுதியில் சென்னை மாநிலத்திலே ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர் ஏறக்குறைய இருபத்தேழாயிரம் பேருக்குப் புதுமுறைப் பயிற்சி அளிக்கப் பெரியதொரு திட்டம் வகுத்தனர். அத்தனை பேருக்கும் நிபுணர் நேரில் கற்பிப்பது இயலாது. ஆகவே முதலில் சிலரைப் பயிற்றி, அவர்கள் இன்னும் பலரைப் பயிற்ற, அவர்கள் மேலும் பலரைப் பயிற்றுமாறு ஏற்பாடாயிற்று. உருளுந்தோறும் பருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரும் வந்தது. பெரும் எண்ணிக்கையை எட்டுவதற்கு அது சிறந்த உபாயமே. ஆனால் இத்தகைய முறையில், கைமாறும் ஒவ்வொரு படியிலும் சிறிது கரைந்துபோகும் அபாயமும் உண்டு. கடைசி ஆசிரியரை அடையும்போது முறையின் பெயர் இருக்கும், முறை இருக்காது. நம் நகரங்களில் இப்போது நடக்கும் ஒருநாட் கருத்தரங்குகளிற் சில இதே வகையின. கருத்தரங்கில் பயிற்சி பெற்றவர் கருத்தரங்கு நடத்துகின்றார். அதில் அமர்ந்தவர் அடுத்த மாதம் தாமே பயிற்றுநர் ஆகின்றார். "ஐயா, நீங்கள் கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தது எப்போது?" என்று மரியாதையாக ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு வேலை பற்றியும் சிறிது. கொரியா என்றதும் நம் இளைஞரின் கண்கள் மலர்வதை நாம் அறிவோம். தென்கொரியாவில் மொழி கற்பிக்க வருவோருக்கு வழங்கப்படும் விசா, ஆங்கிலத்துக்கு வரும்போது, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாட்டுப் பிரசைகளுக்கு உரியதாகவே பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. மாத்தளைப் பிள்ளை எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்தக் கதவு சான்றிதழால் திறப்பதன்று. வேறு பல நாடுகளில் சான்றிதழுடன் பட்டமும் கேட்பார்கள். "உலகின் எந்த நாட்டிலும்" என்னும் சொற்றொடரைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவதே சிக்கனம்.

தனியார் நிலையமொன்றில் சேர்வதென்றே முடிவாயின், பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டிய விடைகள் சில உண்டு. எத்தனை மணித்தியாலம் நான் கற்பிப்பேன், எந்த வயது மாணவருக்கு, பார்த்துத் திருத்துபவர் யார்? சான்றிதழை வழங்குவது இந்த நிலையமா, வேறொரு நிறுவனமா. வேறொன்றாயின் அந்த நிறுவனத்திடமே நேரில் உறுதிப்படுத்தலாமா? பரீட்சைக் கட்டணம் தனியே வருமா. இடையில் நின்றுவிட்டால் பணம் திரும்புமா? மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஆனால் பதிவு என்பது நிலையத்தைப் பற்றியது. அதன் சான்றிதழ் அரசாங்க நியமனத்துக்கு ஏற்கப்படும் என்று அதற்குப் பொருளில்லை. இவற்றுக்கு விடை தர மறுக்கும் நிலையத்துக்குக் காப்பையோ ஊழியர் சேமலாப நிதியையோ கொடுக்கலாகாது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் அது. ஒரு முத்திரைத் தாளுக்கு ஈடாகாது.

கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைக்காதவருக்கு வேறு கண்ணியமான வழிகளும் இல்லாமலில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கில மொழிக் கற்பித்தலும் சேர்ந்த இளங்கலைப் பட்டத்தைத் தொழில் செய்துகொண்டே படிக்கலாம். கண்டியில் அதன் பிராந்திய நிலையம் உண்டு. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகின்றது. இவை மெதுவான பாதைகள். நாலு வாரத்தில் முடியாது. நாலு ஆண்டும் ஆகலாம். பட்டம் பெற்ற பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் பெற்றால், பாடசாலையிலும் வெளியிலும் மறுக்க முடியாத தகுதியாகும். ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் வழியாக வரும் சேவைக்காலப் பயிற்சிகள் உண்டு. அவை கட்டணமின்றிக் கிடைப்பதனாலேயே பலர் அவற்றை மதிப்பதில்லை. அது நம்மவரிடமுள்ள ஒரு விசித்திரம்.

மாணவருக்கு நாம் கூறும் ஒரு யோசனை, செலவில்லாதது. பெறுபேறு வந்து விண்ணப்பம் கோரும் வரை கிடைக்கும் மாதங்களில், படித்த பாடசாலையின் அதிபரிடம் அனுமதி பெற்று, ஆங்கில ஆசிரியையின் வகுப்பில் பின்வரிசையில் இரண்டு வாரம் அமர்ந்து பாருங்கள். எந்தப் பிள்ளை பேசுகின்றது, எந்தப் பிள்ளை பேசவில்லை என்று மட்டும் எழுதி வாருங்கள். பின்னர் ஒரு நாள், ஆசிரியை இசைந்தால், பதினைந்து நிமிடம் கற்பித்துவிட்டு அவரிடம் குறைகளைக் கேளுங்கள். அப்போது கூச்சமும் களிப்பும் ஒருங்கே தோன்றினால் இத்தொழில் உங்களுக்கு உகந்தது. பிள்ளைகளின் இரைச்சல் மட்டுமே நினைவில் நின்றால், காப்பை அடகு வைக்குமுன்னரே அது தெரிந்துவிட்டது குறித்து வீட்டார் மகிழலாம்.

விண்ணப்ப அறிவித்தல்கள் வரும் அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் அதனைப் பார்க்கலாம். முடிவுத் திகதிக்கு முந்திய நாளில் தபாலகத்துக்கு ஓடாமல், தோட்டத்துப் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் இப்போதே ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். பெயரெழுத்து இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றதா என்றும் பாருங்கள்.